கையில் கொடுத்த மாலை

ஜன்னல் ஓரத்தில் நீங்களே உட்காருங்கள் சார். நான் இப்படி இந்தப் பக்கம் ஒட்டிக்கொள்கிறேன். என் வலது கை கம்பியில் இடித்தால் உயிர் போய் உயிர் வரும். பார்க்கிறீர்களா? சட்டைக் கையை மடித்துக் காட்டுகிறேன். பயப்பட வேண்டாம், ஆறிய காயம்தான். அரிவாள் வெட்டு. நரம்பு போய்விட்டது. கை தோளுக்கு மேலே எழும்பாது. இனி நான் யாருக்கும் மாலை போட முடியாது சார். வாங்கிக்கொள்ளத்தான் முடியும்.

என்ன, கொஞ்சம் தள்ளி உட்காருகிறீர்கள்? நீங்கள் நினைக்கிற மாதிரி ஆள் இல்லை நான். நெடுங்கரைப்பட்டி சிவனாண்டி என்று எங்கள் வட்டாரத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பள்ளிக்கூட ஆண்டு விழாவா, ஆட்டுக்கு ஊசி போடுகிற முகாமா, எதுவாக இருந்தாலும் வரவேற்புரை நான்தான். காரணம், நான் நடுநிலையான மனிதன். எந்தச் சண்டையிலும் எந்தப் பக்கமும் சாய்ந்தது கிடையாது.

எங்கள் ஊரில் கிழக்குத் தெருக்காரர்கள் தேர் வீதியில் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது. சைக்கிளில் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். சட்டமெல்லாம் இல்லை, பழக்கம். அது சரியா தவறா என்று யாராவது என்னிடம் கேட்டால், "அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு, நாம சொல்றதுலயும் நியாயம் இருக்கு" என்பேன். அப்படிச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு தேர் வீதி வழியாக வீட்டுக்குப் போவேன். அந்த அளவுக்கு நடுநிலை.

இப்படி இருந்த ஊருக்குள்தான் மாசிலாமணி வந்தார்.

வக்கீல் மாசிலாமணி. நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கூலித் தகராறு, சுடுகாட்டுப் பாதைத் தகராறு, கோயில் நுழைவு என்று எங்கே கிழக்குத் தெருக்காரர்களுக்கு ஒரு குறை என்றாலும் அங்கே அவர் நிற்பார். அந்தந்த ஊரிலும் ஒரு கிழக்குத் தெரு இருக்கத்தானே செய்கிறது. அவர் கோர்ட்டுக்குப் போய், தேர் வீதி பொதுப் பாதை, யாரும் எப்படியும் நடக்கலாம் என்று உத்தரவு வாங்கிவிட்டார். ஒரு செருப்புக்கு இத்தனை பெரிய உத்தரவா சார்? வெறுங்காலோடு நடந்தால் உடம்புக்கு நல்லது என்று டாக்டர்களே சொல்கிறார்கள்.

உத்தரவு வாங்கியதோடு விட்டாரா? வருகிற ஞாயிற்றுக்கிழமை நானே கிழக்குத் தெரு மக்களோடு செருப்புப் போட்டுத் தேர் வீதியில் நடக்கப்போகிறேன் என்று சுவரொட்டி ஒட்டிவிட்டார். தாசில்தார் பதறிப்போய்ச் சமாதானக் கூட்டம் போட்டார். நான்தான் வரவேற்புரை. நல்ல கூட்டம். டீயும் வடையும் கொடுத்தார்கள். கடைசியில் ஒரு முடிவு வந்தது. மாசிலாமணி தேர் வீதி முனைக்கு வரும்போது ஊர் சார்பில் ஒருவர் போய் மாலை மரியாதை செய்து வரவேற்க வேண்டும். பிறகு ஊர்வலம் அமைதியாக நடக்க வேண்டும். எல்லோரும் கை தட்டினோம்.

அன்று சாயங்காலம் கோயில் மண்டபத்தில் எங்கள் ஆட்கள் மட்டும் கூடினோம். என் மனைவியின் தம்பி வீரபாகுதான் பேசினான். அவனுக்குத் தலைமைக் குணம் உண்டு. சத்தம் போடாமல் பேசுவான்.

"தாசில்தார் நமக்கு நல்ல வழி காட்டிட்டுப் போயிருக்காரு" என்றான். "வெளியூர்ல ரெண்டு ஆளு பார்த்து வச்சிருக்கேன். கை சுத்தமான ஆளுக. ஒரே ஒரு சிக்கல். அவனுகளுக்கு மாசிலாமணியோட முகம் தெரியாது."

அது உண்மைதான். சுவரொட்டியில் இருந்தது அவருடைய வாலிப வயதுப் படம். சுருட்டை முடி, தடித்த மீசை. இப்போது ஆளுக்கு முடியும் இல்லை, மீசையும் இல்லை. வெள்ளைச் சட்டை போட்ட ஒல்லியான மனிதர். கூட்டத்தில் நின்றால் ரேஷன் கடைக்கு வந்தவர் மாதிரி இருப்பார்.

"அதுக்குத்தான் மாலை" என்றான் வீரபாகு. "ஊர்வலம் உள்ள வரும். மாலை யார் கழுத்துல கிடக்கோ, அவன்தான் ஆளு. முடிஞ்சது."

நான் எதிர்த்தேன் சார். நீங்கள் ஒன்றும் நினைக்க வேண்டாம், அந்த மண்டபத்தில் எழுந்து நின்று எதிர்த்த ஒரே ஆள் நான்தான். "தேர் வீதியில வேண்டாம்பா. ரத்தம் விழுந்தா பரிகாரம் பண்ணாமத் தேர் இழுக்க முடியாது" என்றேன். எல்லோரும் யோசித்தார்கள். பிறகு அரசமரத்து முக்குக்கு மாற்றினார்கள். என் பேச்சுக்கு அந்த அளவுக்கு மதிப்பு இருந்தது அப்போது.

அடுத்துதான் தகராறு. ஆளை முடிப்பதற்கு ஒரே நிமிடத்தில் எல்லோரும் கை தூக்கிவிட்டார்கள். மாலை போடுவது யார் என்றதும் ஒரு கை மேலே வரவில்லை.

"எம் மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன். அந்தக் கையாலதான தாலி எடுத்துக் கொடுக்கணும்?" என்றார் ஒருவர்.

"நான் விரதத்துல இருக்கேன்" என்றார் இன்னொருவர். அவர் பீடி குடித்துக்கொண்டே சொன்னார்.

"எனக்குத் தோள்பட்டை பிடிச்சிருக்கு."

"எங்க அப்பாருக்குத் தெவசம் வருது."

வீரபாகு என்னைப் பார்த்தான். "அத்தான், நீங்கதான் நடுநிலை. நீங்க போட்டாத்தான் யாருக்கும் சந்தேகம் வராது."

"போடலாம் வீரபாகு. போடும்போது விரல் கழுத்துல பட்டுட்டா?"

"குளிச்சிட்டாப் போச்சு."

"எத்தனை தடவை குளிக்கிறது? ஊர் பார்க்க நடக்கிற காரியம். நாளைக்கு ஒரு பேச்சு வரும்ல?"

அதுவும் நியாயம்தான் என்றார்கள். ஒரு நல்ல ஏற்பாடு விரல் நுனியில் வந்து நின்றுவிட்டது சார். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

"கழுத்துல எதுக்குப் போடணும்? கையில கொடுத்துடுறேன். அவரே போட்டுக்கிடுவாரு. மாலையை வேண்டாம்னு சொன்ன தலைவன் எவன் இருக்கான்?"

எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. மகள் கல்யாணக்காரர் என் தோளில் தட்டி, "இதுக்குத்தான்யா மேடை ஏறுன ஆளு வேணும்கிறது" என்றார். இன்னும் அந்தத் தட்டல் நினைவிருக்கிறது. அதுதான் அவர் கடைசியாக என்னைத் தொட்டது. அதற்குப் பிறகு நடந்தது வேறு கதை.

டிக்கெட்டா? கோர்ட்டு ஸ்டாப்பிங் ஒண்ணு கொடுப்பா. சில்லறை இருக்கு.

எங்கே விட்டேன்? மாலை. அந்த மாலையை வாங்க டவுனுக்கு நானே போனேன் சார். ஒரு பொறுப்பை ஏற்றுக்கொண்டால் அரைகுறையாகச் செய்கிற பழக்கம் எனக்கு இல்லை. பூக்கடைப் பாக்கியம் கேட்டாள், "யாருக்குண்ணே? கல்யாணமா, கருமாதியா?"

"பொதுக் காரியம்மா."

"எதுவா இருந்தாலும் ஆளு அளவு தெரிய வேண்டாமா?"

"ஒல்லியான ஆளுதான். ஆனா மாலை தூரத்துல இருந்து பளிச்சுன்னு தெரியணும்."

"அப்போ செவ்வந்தியில கட்டுறேன். ஊர்க்கோடியில நின்னாலும் தெரியும்" என்றாள். மஞ்சள் செவ்வந்தி. நடுநடுவே சரிகை. கீழே ஒரு குஞ்சம். வாழை இலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். இதே மாதிரி சீட்தான். வழியெல்லாம் பூ வாசனை. ஒன்று சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. ஒரு தடவை போட்டுப் பார்க்கலாமா என்று ஆசையாக இருந்தது. 'இப்போது மாலை அணிவித்து மரியாதை செய்வார்கள்' என்று எத்தனை பேருக்கு மைக்கில் சொல்லியிருப்பேன்! என் கழுத்தில் மாலை விழுந்தது என் கல்யாணத்தன்று மட்டும்தான். வரவேற்கிறவனை யார் வரவேற்கிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாசிலாமணி வந்தார். பின்னால் கிழக்குத் தெரு முழுதும் வந்தது. ஆண்களும் பெண்களும் காலில் புதுச் செருப்பு. பழக்கமில்லாத செருப்பு இல்லையா, சரக் சரக்கென்று ஒரே சத்தம். சில பெண்களுக்குக் கடித்துவிட்டது போலிருக்கிறது, நொண்டிக்கொண்டே வந்தார்கள். ஆனாலும் கழற்றவில்லை. தாசில்தார் ஜீப்பில் உட்கார்ந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பத்திரிகைக்காரர் ஒருவர் கேமராவோடு நின்றார்.

நான் முன்னால் போய், "வருக வருக என வரவேற்கிறேன்" என்று ஆரம்பித்து நன்றாகவே பேசினேன். பேசி முடித்து மாலையை நீட்டினேன். இரண்டு நுனியையும் விரல் நுனியால் பிடித்து, தட்டில் வைத்துக் கொடுக்கிற மாதிரி.

மாசிலாமணி மாலையைப் பார்த்தார். பிறகு என் விரல்களைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை சார். கணக்கு வாத்தியார் விடைத்தாளைப் பார்க்கிற பார்வை.

"அண்ணே, கழுத்துல போட மாட்டீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"கை வலிங்க" என்றேன். வேறு என்ன சொல்வது?

"கை வலியோடயா வந்து நிக்கிறீங்க? அப்போ மரியாதை உங்களுக்குத்தான் பண்ணணும்" என்றார். என் கையிலிருந்து மாலையை வாங்கினார். வாங்கி, ஊர் பார்க்க, என் கழுத்தில் போட்டுவிட்டார்.

கிழக்குத் தெருவே கை தட்டியது. பத்திரிகைக்காரர் படம் எடுத்தார். மாசிலாமணிக்கு யார் மாலை கொடுத்தாலும் கொடுத்தவர் கழுத்திலேயே திருப்பிப் போட்டுவிடுவாராம். எத்தனையோ வருடப் பழக்கமாம். கிழக்குத் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியுமாம். எங்களில் ஒருவராவது அவருடைய ஒரு கூட்டத்தில் ஓரமாகப் போய் நின்றிருந்தால் இது தெரிந்திருக்கும். ஆனால் நாங்கள் அங்கெல்லாம் எப்படிப் போவோம், சொல்லுங்கள்?

உடனே ஏன் கழற்றவில்லை என்றுதானே கேட்கப்போகிறீர்கள்? கழற்றலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் கை தட்டுகிறார்கள், படம் எடுக்கிறார்கள். போட்டவுடன் கழற்றுவது நாகரிகமா? மாலையும் கழுத்துக்குப் பொருத்தமாக இருந்தது. குஞ்சம் நெஞ்சில் ஆடியது. அப்படியே அவர் பக்கத்தில் நடக்க ஆரம்பித்துவிட்டேன். இரண்டு பக்கமும் ஜனங்கள் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். உண்மையைச் சொன்னால், அந்தத் தேர் வீதி முழுக்க நடந்து தீரும்வரை நான் வேறு எதையும் நினைக்கவில்லை.

அரசமரத்து முக்கு வந்தது.

மரத்தடியில் இரண்டு பேர் நின்றார்கள். அரசமரத்துப் பின்னால் வீரபாகுவின் தலை தெரிந்தது. அவன் கையை வேகமாக ஆட்டினான். வேண்டாம் என்று ஆட்டினானா, வேறு எதற்கா, எனக்கு விளங்கவில்லை. அந்த இரண்டு பேரும் மாசிலாமணியைப் பார்க்கவே இல்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. மாலையைத்தான் பார்த்தார்கள். மாலையைப் பார்த்துக்கொண்டே முதுகுப் பக்கம் கையை விட்டார்கள்.

அப்போதுதான் சார், தப்பு நடந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. விருந்தினருக்குப் போக வேண்டிய மரியாதை என் கழுத்தில் கிடக்கிறது. அதை முறைப்படி அவருக்கே செய்துவிட வேண்டும் என்று ஒரு வேகம் வந்தது. மாலையைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு மாசிலாமணியை நோக்கி ஓடினேன். இந்தத் தடவை கையில் கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் கட்டிப்பிடிக்கிற மாதிரி அவர் கழுத்தில் போட்டேன். விரல் என்ன, முழங்கையே பட்டது. தீட்டும் நினைவில்லை, திதியும் நினைவில்லை.

மாலையோடு கூடவே அரிவாளும் வந்துவிட்டது. நான் இரண்டு கையையும் அவர் கழுத்தில் போட்டு நின்றேன் இல்லையா, வெட்டு என் கையில் விழுந்தது. மாசிலாமணியின் மேல் ஒரு கீறல் இல்லை. பூ மட்டும் உதிர்ந்தது.

இரண்டாவது வெட்டு விழவில்லை. கிழக்குத் தெருப் பெண்கள் காலில் கிடந்த புதுச் செருப்பைக் கழற்றிக்கொண்டு பாய்ந்துவிட்டார்கள். கடித்த செருப்பு, கோபம் இருக்காதா? கை சுத்தமான அந்த இரண்டு பேரும் முகம் வீங்கிப்போய்ப் போலீஸ் ஜீப்பில் தாங்களே ஓடி ஏறினார்கள். ஸ்டேஷனில் எங்கள் ஆட்கள் யார் பெயரையும் அவர்கள் சொல்லவில்லை. வீரபாகுவைக் காணோம். எங்கள் ஆட்கள் ஒருவரையும் காணோம். தேர் வீதிக் கதவுகள் எல்லாம் சாத்திக் கிடந்தன.

மாசிலாமணி தன் துண்டைக் கிழித்து என் கையைக் கட்டினார். கிழக்குத் தெருவில் செங்கமலம் என்கிற பெண்ணின் வீடுதான் பக்கத்தில் இருந்தது. அங்கே தூக்கிப்போய்க் கட்டிலில் போட்டார்கள். நாக்கு வறண்டுவிட்டது. அந்த அம்மா டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, "குடிப்பீங்களாய்யா?" என்று தயங்கினாள். குடித்தேன். இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கியும் குடித்தேன். நல்ல தண்ணீர். சும்மா சொல்லக் கூடாது, எங்கள் கிணற்றுத் தண்ணீரைவிட ருசி.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது மாசிலாமணி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது. "எனக்கு விழ வேண்டிய வெட்டை வாங்கிட்டீங்களே அண்ணே" என்றார். நான் மறுக்கவில்லை. மறுத்தால் அவர் மனசு புண்படும். பேப்பரிலும் வந்துவிட்டது. 'தலைவரைக் கட்டியணைத்துக் காத்த சிவனாண்டி.' பேப்பரில் வந்ததை நான் யார் மறுக்க? கிழக்குத் தெருவில் படிப்பகம் கட்டி என் படத்தை மாட்டியிருக்கிறார்கள். செங்கமலம் பேரனுக்கு என் பெயரே வைத்திருக்கிறார்கள். அதுதான் கொஞ்சம் சங்கடம். அந்தத் தெருப் பக்கம் போனால், "டேய் சிவனாண்டி, மூக்கைத் துடைடா" என்று சத்தம் கேட்கிறது.

இப்போது சொல்லுங்கள் சார், இந்த விஷயத்தில் பாதிக்கப்பட்டவன் யார்? மாசிலாமணியா? அவர் நன்றாக இருக்கிறார். தேர் வீதியில் கிழக்குத் தெருக்காரர்கள் செருப்புப் போட்டு நடக்கிறார்கள், சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போகிறார்கள். பாதிக்கப்பட்டவன் நான். காரியம் கெட்டதை எங்கள் ஆட்கள் மன்னித்துவிட்டார்கள். கை போனதற்கு வருத்தம்கூடப் பட்டார்கள். தண்ணீர் குடித்ததைத்தான் மன்னிக்கவில்லை.

"தாகம் எடுத்தா உடனே குடிச்சிடுறதா? அத்தனை ரத்தம் போன மனுசன் இன்னும் கொஞ்ச நேரம் பொறுக்கக் கூடாதா?" என்றார் மகள் கல்யாணக்காரர். கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வரவில்லை. வரவேற்புரைக்கு மைக்செட்காரனை ஏற்றிவிட்டார்கள். அவன் 'வருக வருக' என்பதற்கு முன்னால் 'ஹலோ ஹலோ, மைக் டெஸ்டிங்' என்கிறான் சார். அதற்கும் கை தட்டுகிறார்கள்.

வெளியில் நடந்ததைக்கூட விடுங்கள். வீட்டில்? என் மனைவி மரகதம் எனக்குத் தனியாக ஒரு டம்ளர் வைத்துவிட்டாள். அடுப்படி ஜன்னலில் கவிழ்த்து வைத்திருப்பாள். நானே எடுத்து, நானே கழுவி, நானே கவிழ்க்க வேண்டும். தண்ணீரை உயரத் தூக்கி ஊற்றுவாள். "புண்ணு ஆறட்டும்னுதான்" என்கிறாள். புண் ஆறி எவ்வளவு காலமாகிறது! ஒரு மனிதனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே தனி டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் அவனுக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? நெஞ்சு எரியும் சார். இது மனிதர்கள் செய்கிற காரியமா? கிழக்குத் தெருக்காரர்களுக்கு டீக்கடையில் தனி டம்ளர் இருந்தது, வாஸ்தவம். ஆனால் அவர்களுக்கு அது பழக்கம். எனக்குப் பழக்கமில்லையே!

இருந்தும் பொறுத்தேன். போன மாதம் கோயில் திருவிழா. எங்கள் அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்குப் பரிவட்டம் கட்டுவார்கள். வரிசையில் நின்றேன். பூசாரி என்னைத் தாண்டிப்போய் அடுத்த ஆளுக்குக் கட்டிவிட்டார். ஊர் பார்க்க. அப்போது எனக்கு வந்தது பாருங்கள் கோபம்!

வீரபாகுவின் சட்டையைப் பிடித்துவிட்டேன். "டேய், கேஸு கோர்ட்டுல வருது. நான்தான் முக்கிய சாட்சி. கூண்டுல ஏறினா எனக்குப் பொய் வராது. ஆளு பார்த்தது யாரு, மாலைன்னு சொன்னது யாரு, எந்த மண்டபத்துல யார் யார் கை தூக்குனது, ஒண்ணு விடாம வரிசையா வரவேற்புரை மாதிரி வாசிச்சிடுவேன்" என்றேன்.

வீரபாகு சத்தம் போடவில்லை. அவன்தான் சத்தம் போடுகிற ஆள் இல்லையே. "அத்தான், பரிவட்டம்தான? பேசிக்கிடலாம்" என்றான்.

பேசினார்கள் சார். அதுதான் எங்கள் ஊரின் பெருந்தன்மை. வாழைப்பழத் தாரோடு வீரபாகு என் வீட்டுக்கு வந்தான். வெட்டுப்பட்ட பிறகு அவன் என் வாசல் மிதித்தது அன்றுதான். "அத்தான், எங்க பேர்லதான் தப்பு. ஊர் கூடி முடிவு பண்ணிட்டோம். சாட்சிக்கு வர்றீகள்ல, அன்னைக்குக் கோர்ட்டு வாசல்ல வச்சே, நாலு பேர் பார்க்க, ஊர் சார்பா உங்களுக்கு மாலை மரியாதை" என்றான்.

"கையில கொடுப்பீகளா வீரபாகு?" என்று கேட்டேன். அந்தப் பயம் எனக்கு இருந்தது.

"சேச்சே! கழுத்துலயே போடுறேன் அத்தான். நானே போடுறேன்" என்றான்.

எந்தப் பஸ்ஸில் வருவேன் என்று கேட்டான், சொன்னேன். முன்வாசல் வழியாக இறங்குவேனா, பின்வாசலா என்று கேட்டான். அவ்வளவு அக்கறை. "கூட யாரையும் கூட்டிட்டு வராதீக. கூட்டமா வந்தா மரியாதை யாருக்குன்னு தெரியாமப் போயிடும்" என்றான். அதுவும் சரிதானே? ஒரு தடவை மாலை இடம் மாறி நான் பட்டது போதாதா?

மாசிலாமணிக்குத்தான் சந்தேகப் புத்தி. "கார் அனுப்புறேன் அண்ணே, நம்ம தோழர்கள் கூட வரட்டும். தனியா வராதீங்க" என்று சொல்லி அனுப்பினார். நான் மறுத்துவிட்டேன். ஒரு தரப்பின் காரில் போய் இறங்கினால் என் நடுநிலை என்ன ஆவது?

கோர்ட்டில் என்ன சொல்லப்போகிறேன் என்றா கேட்கிறீர்கள்? யோசித்து வைத்துவிட்டேன். 'அரிவாளைப் பார்த்தேன், பிடித்த கையைப் பார்க்கவில்லை.' அவ்வளவுதான். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது இல்லையா? மாலை மரியாதையே செய்கிறார்கள், இனிமேல் நான் ஏன் ஊரைக் காட்டிக்கொடுக்கப்போகிறேன்? கோபத்தில் சொன்னது கோபத்தோடு போயிற்று. ஆனால் இதை வீரபாகுவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. முதலிலேயே சொல்லிவிட்டால் மாலையை நிறுத்திவிடுவார்கள். கழுத்தில் விழுந்த பிறகு காதோடு சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறேன். எப்படி என் யோசனை?

அதோ, கோர்ட்டு வந்துவிட்டது. கொஞ்சம் நகருங்கள், ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். அதோ நிற்கிறான் பாருங்கள் வீரபாகு! சொன்ன சொல் தவறவில்லை. கையில் மாலை. பார்த்தீர்களா, அதே மஞ்சள் செவ்வந்தி! பாக்கியம் கடையில்தான் வாங்கியிருப்பான். இங்கிருந்தே எப்படிப் பளிச்சென்று தெரிகிறது!

யார்? இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிற இரண்டு பேரா? தெரியவில்லையே. எங்கள் ஊர் ஆட்கள் இல்லை. வெளியூர் போலிருக்கிறது. ஆமாம், மாலையைத்தான் பார்க்கிறார்கள். நல்ல மாலை என்றால் நாலு பேர் பார்க்கத்தான் செய்வார்கள்.

கண்டக்டர், ஆள் இறங்கணும். முன்வாசல்.

என்ன சார், ஏன் கையைப் பிடிக்கிறீர்கள்? அது வெட்டுப்பட்ட கை, வலிக்கிறது. இறங்காதே என்றால்? அடுத்த ஸ்டாப்பிங்கா? அங்கே போய் நான் என்ன செய்ய? உங்களுக்கு ஏன் இப்படி முகம் வெளுக்கிறது? பஸ் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. இறங்கியதும் ஒரு சோடா குடியுங்கள்.

விடுங்கள் சார். சட்டை கசங்குகிறது. படம் எடுப்பார்கள்.